கயிற்றில் கடைசி ஆள்

சம்பளச் சீட்டில் அவள் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். நடுவில் ஓர் எழுத்து கூடுதல். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதமே அது அவள் கண்ணில் பட்டது. திருத்தச் சொல்லவில்லை. ஓர் எழுத்துதானே, அதுபாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மற்ற இடங்களிலெல்லாம் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள் என்பதால் அந்தக் கூடுதல் எழுத்தால் யாருக்கும் கஷ்டமில்லை.

இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் இந்த ஊர்ப் பேச்சில் அக்கா முதலில் கற்றுக்கொண்டது 'பரவாயில்லை' என்பதற்கான வார்த்தையைத்தான். அதை வைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டாள். யாராவது காலை மிதித்தால் பரவாயில்லை. வரிசையில் முன்னால் புகுந்தால் பரவாயில்லை. வந்த புதிதில் ஏதோ ஒரு கவுண்டரில் அவள் வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதற்கு, அங்கே இருந்த ஆள், "பிடிக்கலன்னா வந்த வழியே போகலாமே" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தான். அந்த ஆளின் முகம்கூட மறந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அக்கா எங்கேயும் குறை என்று ஒன்றைச் சொன்னதில்லை.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குன்றின் தலையில் இருந்தது. உள்ளே எந்நேரமும் ஆவி. விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி மடித்து வண்டியில் அடுக்கி, பின்கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பின்கதவைத் திறந்தால் தூரத்தில் ஒரு மலை தெரியும். கோடையிலும் உச்சியில் பனி உட்கார்ந்திருக்கும். வேலை செய்கிறவர்கள் அதற்கு 'வெள்ளைத் தொப்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு முறை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதும் அதை ஒரு பார்வை பார்ப்பாள். பார்ப்பதோடு சரி. பிறந்து வளர்ந்ததெல்லாம் தட்டையான பூமி. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனதுதான் அவள் ஏறியிருந்த அதிகபட்ச உயரம்.

குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து பஸ் ஏறும். அதைக் குறுக்காக வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு படிக்கட்டும் உண்டு. ஒரு நாள் காலை அக்கா கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வேலைக்கு நேரமாகிவிடும். படிக்கட்டில் ஏறினாள். மேலே ஆஸ்பத்திரி நிறுத்தத்தை அவள் தாண்டும்போது அதே பஸ் மெதுவாக உறுமிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க, நீங்க இரட்டைப் பிறவியா?"

"இல்லீங்களே. ஏன்?"

"கீழ ஸ்டாப்புல ஒருத்தங்க ஓடி வந்தாங்க. கண்ணாடியில பாக்குறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டேன். இங்க வந்தா அதே புடவை, அதே பை, எனக்கு முன்னாடி நிக்குது."

"படிக்கட்டு வழியா வந்துட்டேங்க. பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை? அந்தப் படிக்கட்டுல காலேஜ் பசங்களே பாதியில உக்காந்துடுவாங்க. உங்களுக்கு மூச்சு கூட வாங்கலயே!"

அக்காவுக்கு ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்றாள் டிரைவர்.

"துணி துவைப்பேன்."

"வாரம் பூரா துணி துவைச்சிட்டு, சனிக்கிழமையும் துணியா?"

"அது வீட்டுத் துணிங்க."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவள். அக்கா பேசும் அதே தாய்மொழியை வீட்டில் அம்மா திட்டத் திட்டக் கற்றதால் அதில் அதட்டல் மட்டும் அவளுக்குச் சுத்தமாக வரும். அக்காவைவிடப் பத்து வயதாவது சின்னவள். பனிமலை ஏறுகிற பெண்கள் குழு ஒன்றுக்கு அவள்தான் தலைவி என்பது அக்காவுக்கு அந்தச் சனிக்கிழமை தெரிந்தது.

டிரைவர் அவளைக் கூட்டிப்போன பழைய கிடங்கு ஒன்றுக்குள் செயற்கைப் பாறைச் சுவர் கட்டி, வண்ண வண்ணமாகப் பிடிகள் பதித்திருந்தார்கள். உள்ளே ரப்பர் வாசனையும் கால் வாசனையும் போட்டி போட்டன. டிரைவரைத் தவிரக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்து இந்த ஊரில் ஒட்டிக்கொண்டவர்கள். அக்காவின் மொழி பேசும் நர்ஸ் ஒருத்தியும் அதில் இருந்தாள். குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது: ஒரு முடிச்சைக் கடைசியாக யார் கற்றாளோ, அவள்தான் அடுத்து வருகிறவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு எது கஷ்டமாக இருந்தது என்பது மறந்துபோயிருக்கும் என்பது டிரைவரின் கட்சி. அப்படி, கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டும் முடிச்சை அக்காவுக்குச் சொல்லித்தந்தவள், போன வாரம்தான் அதைக் கற்றிருந்த பேக்கரிக்காரி. அவளுக்கு அக்காவின் மொழி தெரியாது. அக்காவுக்கு அவள் மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஊர்ப் பேச்சு கொஞ்சம், கை ஜாடை நிறைய. முடிச்சு தப்பாகிப் போனபோதெல்லாம் பேக்கரிக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு தன் மொழியில் யாரையோ கூப்பிட்டாள். கடவுளையாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல அக்காவுக்கு ஒரு வாரம் பிடித்தது. வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை.

"எங்க போறே?"

"மலைக்கு."

"எதுக்கு?"

"ஏறத்தான்."

"ஏறிட்டு?"

"இறங்கிடுவோம்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஜனங்க படி ஏறிக் கஷ்டப்படக் கூடாதுன்னு நான் வாழ்க்கை பூரா கிரீஸ்ல உருண்டுட்டு இருக்கேன். என் வீட்டுலயே எனக்கு எதிரா ஆள் கிளம்பியாச்சு."

"மலைக்கு லிஃப்ட் இல்லப்பா," என்றாள் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு ஒரு ஆர்டர் கிடைச்சாலும் கிடைக்கும்."

அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அக்கா கொண்டுவந்திருந்த கொக்கிகளையும் இடுப்புப் பட்டையையும் மேஜையில் பரப்பி, வேலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். கடைசிக் கொக்கியையும் வைத்துவிட்டு, "நல்ல கொக்கியாத்தான் இருக்கு" என்றார். குறை கிடைக்காத வருத்தம் குரலில் இருந்தது.

அந்த வருஷம் அக்கா சின்னக் குன்றுகளில் ஏறினாள். பனியில் பனிக்கோடரியை ஊன்றி நடக்கக் கற்றாள். சறுக்கி விழுந்தால் கோடரியைப் பனியில் குத்தி நிறுத்தும் வித்தையை, வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழகினாள். புட்டத்தில் நீலம் பாரித்ததை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. குழுவில் எல்லோர் ஜாக்கெட்டின் கிழிசலும் அவள் ஊசிக்குத்தான் வந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில் டிரைவர், "வெள்ளைத் தொப்பிக்குப் போறோம். என் கயிற்றுல நாலு பேர், ஒருத்தரோட ஒருத்தர் கட்டிக்கிட்டு ஏறணும். நான், நர்ஸ், பேக்கரி, நீங்க" என்றபோது அக்காவுக்கு அன்று முழுதும் கால் தரையில் பாவவில்லை. விரிப்புகளை மடிக்கும்போதுகூட எதிரில் நின்றவள், "என்னக்கா, தனியா சிரிக்கிறே?" என்று கேட்டாள்.

கிளம்பும்போது வீட்டுக்காரர் ஒரு ஜோடி தடித்த கம்பளிச் சாக்ஸை அவள் பையில் திணித்தார். "இருக்கிற சாக்ஸுக்கு மேல இதையும் போட்டுக்கோ. குளிர் எலும்பைத் துளைச்சிடும்."

போட்டுக்கொண்டாள். பூட்ஸுக்குள் கால் நுழைய அடம்பிடித்தது. அழுத்தி நுழைத்து இறுக்கிக் கட்டினாள்.

தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. சாக்ஸ் கூடக் கூடப் பூட்ஸ் இறுகும். பூட்ஸ் இறுகினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத காலில் எத்தனை கம்பளி சுற்றினாலும் சூடு ஏறாது. ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அக்காவின் கால் விரல்கள் வலித்தன. பிறகு வலி நின்றது. நின்றுவிட்டதே என்று அவள் நிம்மதி வேறு பட்டாள். நர்ஸ் திரும்பிப் பார்த்து, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபோது, நாலு பேரை நிறுத்திவைத்துத் தன் காலைப் பார்க்கச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. "பரவாயில்ல, போங்க" என்றாள்.

சரிவு செங்குத்தான இடத்தில் அவள் கால் எங்கே பதிகிறதென்று காலுக்கே தெரியவில்லை. சறுக்கினாள். கயிறு வெடுக்கென்று இழுத்து பேக்கரிக்காரியைச் சாய்த்தது. அவளோடு நர்ஸும் சாய்ந்தாள். முன்னால் இருந்த டிரைவர் தரையோடு தரையாக விழுந்து கோடரியைப் பனியில் அழுத்தி, மூன்று பேரையும் நிறுத்தினாள். யாருக்கும் அடியில்லை. பேக்கரிக்காரியின் மூக்கில் மட்டும் ஒரு சிராய்ப்பு.

உச்சி தலைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. டிரைவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரையும் திருப்பிக் கீழே, முந்தின இரவு தங்கியிருந்த குடிசைக்குக் கூட்டிவந்தாள். பெஞ்சில் அக்காவை உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றினாள். ஒரு சாக்ஸ். அதற்குள் இன்னொரு சாக்ஸ். அதற்குள் மெழுகு மாதிரி வெளிறிய விரல்கள்.

"எப்பலருந்து?"

"இப்பத்தான் கொஞ்சம்..."

"எப்பலருந்துக்கா?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே."

டிரைவர் தன் ஜாக்கெட்டைத் திறந்து, பனியனைத் தூக்கி, அந்த ஐஸ்கட்டிப் பாதங்கள் இரண்டையும் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டாள். ஒரு தடவை உடம்பு தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் உயிர் திரும்பி ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியபோது அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல, பரவா..."

"போதும்." டிரைவரின் குரல் உயரவே இல்லை. "இனிமே என் கயிற்றுல நீங்க வேண்டாம்."

"கோவத்துல சொல்றா, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் நர்ஸ்.

"கோவம் இல்ல, நிதானமாத்தான் சொல்றேன். தனியா ஏறினா உங்க கால் உங்க சொந்தக் கால். என்ன வேணா பண்ணுங்க. கயிறு மாட்டிட்டா அது நாலு பேர் கால். விழறவங்களை நான் பிடிச்சிடுவேன். ஒளிக்கிறவங்களை எப்படிப் பிடிக்கிறது?"

அக்கா வீட்டில், "மேகமா இருந்துச்சு, திரும்பிட்டோம்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் போவதை விட்டாள். டிரைவரின் முகத்தில் விழிக்கத் தெம்பில்லை. விரல்கள் இன்னும் கூசின. ஆனாலும் படிக்கட்டில்தான் ஏறினாள். சனிக்கிழமைகளில் மறுபடி வீட்டுத் துணி துவைத்தாள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளுவது எப்படி என்றுகூடப் பழகிக்கொண்டாள்.

இப்படிப் பல நாள் போயிற்று. ஒரு காலையில் கீழ் நிறுத்தத்தில் பஸ் நின்றது. கதவு திறந்தது. நின்றுகொண்டே இருந்தது.

"ஏறுங்க," என்றாள் டிரைவர்.

"பரவாயில்ல, நான் நடந்தே..."

"அந்த வார்த்தையைச் சொன்னா வண்டி நிக்கும். கிளம்பாது."

உள்ளே இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வெயிலோ மழையோ எந்நாளும் கையில் குடையோடு வரும் பெரியவர் ஒருவர், "அம்மா, உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், ஏறித் தொலைங்கம்மா!" என்று கத்தினார். அக்கா ஏறினாள். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்கு நேர் கீழே இருந்த இருக்கையைக் காட்டி, உட்காரச் சொன்னாள் டிரைவர். வண்டி நகர்ந்தது.

"மேல போய்ச் சேர்றதுக்குள்ள மூணு குறை சொல்லணும்."

"யாரைப் பத்தி?"

"உங்களைப் பத்தி. உங்களுக்கு எது வலிக்குது, எது பிடிக்கல, எது இடைஞ்சல். தினமும் மூணு. புதுசா இருக்கணும். சொல்லப் பழகுங்க, அப்புறம் கயிற்றைப் பத்திப் பேசலாம்."

அக்கா யோசித்தாள். முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவும் போயிற்று. "பாவம், நர்ஸுக்குத் தோள்பட்டை வலின்னு..."

"அது நர்ஸோட குறை. செல்லாது."

"நேத்து மழை."

"மழை ஊருக்கே பொது. செல்லாது."

"எனக்குச் சரியா சொல்ல வரலைங்க."

"அது குறை இல்ல, அடக்கம். செல்லவே செல்லாது."

அன்று ஒன்றும் தேறவில்லை. மறுநாளும் தேறவில்லை. குடைக்காரர் இப்போது ஆர்வமாகி முன் இருக்கைக்கு மாறியிருந்தார். "இது நேத்து சொன்னதும்மா, புதுசா சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுக்க வேறு ஆரம்பித்துவிட்டார். அந்த வாரக் கடைசியில், இனிமேல் முடியாது என்ற நிலையில், அக்காவின் வாயிலிருந்து ஒன்று வந்து விழுந்தது.

"இந்த சீட்டுல ஒரு ஆணி குத்துது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எத்தனை நாளா?" என்றாள் டிரைவர்.

"உங்க வண்டியில ஏற ஆரம்பிச்சதுலருந்து. எந்த சீட்டைத் தேடினாலும் கடைசியில இதுலதான் இடம் கிடைக்கும்."

"செல்லும்!" என்று குடைக்காரர் குடையைத் தரையில் தட்டினார். யாரோ கைகூடத் தட்டினார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. மறுநாள் அந்த இருக்கையில் ஆணி இல்லை. அவள் தடவித் தடவிப் பார்த்தாள். இத்தனை சுலபமா இது?

ஒரு தடவை திறந்த வாய் அப்புறம் லேசில் மூடவில்லை. சலவைக்கூடத்தில் அவள் தள்ளும் வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் பக்கவாட்டில் இழுக்கும். அதற்கு ஈடுகொடுத்து இடுப்பை வளைத்துத் தள்ளியே அவளுக்கு நடையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேற்பார்வைக்காரரிடம் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டு, 'பிடிக்கலன்னா வந்த வழியே போகலாமே' என்ற பதிலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர், "அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு ஆளை அனுப்பினார். அந்தத் தெம்பில் சம்பளச் சீட்டையும் நீட்டி, கூடுதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். அடுத்த மாதம் அது இல்லை. தன் பெயரைத் தானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள்.

வீட்டில்தான் நிலைமை மோசமானது.

"குறட்டை விடுறீங்க" என்றாள் ஒரு நாள்.

"நானா?"

"டிவி சத்தம் ஜாஸ்தி. என் துண்டை எடுத்துத் துடைச்சிட்டு ஈரமாப் போட்டுடுறீங்க."

வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். "மலை ஏறக் கத்துக்கிட்டு வருவான்னு அனுப்பினா, வாய் ஏறக் கத்துக்கிட்டு வந்திருக்கா உங்கம்மா."

"எனக்கு இந்த அம்மாவைத்தான் பிடிச்சிருக்கு," என்றாள் மகள்.

"இன்னொண்ணு," என்றாள் அக்கா. இதை மட்டும் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னிக்கு மேகம் எல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸ் இறுகிடுச்சு. கால் மரத்துப்போய் விழுந்தேன். எல்லாரையும் இழுத்து விட்டுட்டேன். நீங்க ஆசையா குடுத்த சாக்ஸ். அதான் சொல்லல."

அவர் எழுந்துபோய் அந்தப் பூட்ஸை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி விடணும்," என்றார் கடைசியில். "இடைவெளி இல்லாம இறுக்கினா எதுவும் ஓடாது. வேலை கத்துக்க வர்ற பையன்களுக்கெல்லாம் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்குடுப்பேன். உன் கால்னதும் பயத்துல மறந்துட்டேன் பாரு."

அடுத்த வாரம் அவரே அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு அளவு பெரிய பூட்ஸ் வாங்கினார். கடையில் அவளை நடக்கவிட்டு, குனிந்து உட்கார்ந்து, விரல்கள் அசைகின்றனவா என்று பூட்ஸின் தோலுக்கு மேலே அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளிர்காலம் வந்தது. சனிக்கிழமைகளில் அக்கா மறுபடி கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டாள், புதிதாக வந்தவளுக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுத்தாள், கிழிசல் தைத்தாள். ஆனால் வெள்ளைத் தொப்பிக்கு யார் யார் என்ற பேச்சு வந்தபோது டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்றில்லை, இதுவரை சொன்ன குறைகளையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இது பெரிது என்பதால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு காலை பஸ் கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா அன்றைய மூன்றையும் சொல்லி முடித்திருந்தாள். மூன்றும் செல்லுபடியாகியிருந்தன.

"நாலாவதா ஒண்ணு இருக்கு," என்றாள்.

"மூணுதானே கணக்கு?" என்றார் குடைக்காரர்.

"இருக்கட்டும். எனக்கு ஒரு குறை இருக்கு. என்னை உங்க கயிற்றுல சேத்துக்கல. அது எனக்கு வலிக்குது. தினமும் அந்த மலையைப் பாத்துட்டு வண்டி தள்றேன். நான் செஞ்சது தப்புதான். ஆனா இப்ப நான் ஒளிக்கிறதில்ல. எனக்கு இடம் வேணும்."

டிரைவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, ஒருவரும் இறங்கவில்லை.

"செல்லும்," என்றார் குடைக்காரர் மெல்ல.

"நடுவுல நீங்க யாருங்க?" என்றாள் டிரைவர். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செல்லும். இறங்குங்க, எல்லாருக்கும் நேரமாகுது" என்றாள்.

அப்படித்தான் அதே நாலு பேர் அதே மலைக்கு மறுபடி போனார்கள். டிரைவர் முன்னால், அடுத்து நர்ஸ், பிறகு பேக்கரிக்காரி, கடைசியில் அக்கா. பனி கெட்டியாக இருந்தது. பூட்ஸின் அடியில் மாட்டிய இரும்புப் பற்கள் கறுக் கறுக்கென்று கடித்தன. போன தடவை விழுந்த இடத்துக்கு வெகு முன்பே அக்கா குரல் கொடுத்தாள்.

"நில்லுங்க! என் சாக்ஸ் குதிகால்ல சுருண்டிருக்கு."

கயிறு நின்றது. குளிரில் மூன்று பேர் காத்திருக்க, அக்கா உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்தி, சுருக்கத்தை நீவி, மறுபடி கட்டினாள். அவசரப்படவில்லை.

"நானும் சொல்லிடறேன், பசிக்குது" என்றாள் நர்ஸ். பேக்கரிக்காரி தன் கையுறையின் பட்டை பிய்ந்திருப்பதைத் தூக்கிக் காட்டி, தனக்குத் தெரிந்த அக்காவின் மொழியில், "அக்கா, குறை!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சட்டைப் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து அங்கேயே இரண்டு தையல் போட்டுக்கொடுத்தாள்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. கோடரியில் சாய்ந்துகொண்டு, மேலே பார்த்தபடி நின்றாள்.

மறுபடி ஏறினார்கள். கயிற்றின் கடைசியில் நடப்பவளுக்கு ஒரு வசதி, எல்லோர் காலடியும் அவள் கண்ணில் படும். பஸ்ஸில் இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், டிரைவரின் உடம்பு எதற்கு எப்படி அசையும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். இன்று அந்தக் கால்தடங்கள் நேராகப் போகவில்லை. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நாலு அடிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். யோசித்துப் பார்த்தால், குடிசையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் யாரையும் ஒரு வார்த்தைகூட அதட்டவில்லை.

"டிரைவரம்மா," என்று கூப்பிட்டாள் அக்கா. "உங்க மூணு இன்னும் வரலயே?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. பரவாயில்ல. உச்சி இதோ வந்துருச்சு, பாருங்க."

உண்மைதான். வெயில் பட்டு உச்சி பளபளத்தது. அங்கிருந்து பார்த்தால் கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல இருந்தது. சலவைக்கூடத்தின் பின்கதவிலிருந்து எத்தனை வருஷம் பார்த்த தொப்பி!

அக்கா பனியில் கோடரியைக் குத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கயிறு விறைத்து நின்றது.

"என்னக்கா?"

"அந்த வார்த்தையைச் சொன்னா வண்டி நிக்கும்னு சொன்னது யாரு? நின்னுடுச்சு. முடிஞ்சா இழுத்துட்டுப் போ."

டிரைவரை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. டிரைவர் மெதுவாகத் திரும்பினாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"தலை வெடிக்குது," என்றாள். "காலையிலருந்து. குமட்டுது. இப்ப கொஞ்ச நேரமா, பனி ஆடுற மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"போன தடவை உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து திருப்பினேன். இந்தத் தடவையாவது உங்களைக் கொண்டுபோய் மேல நிறுத்திடணும்னு..."

"என் பேரைச் சொல்லி ஒளிக்காதே!" அக்கா கத்தினாள். "நாலு பேர் காலுன்னு சொன்னியே, அப்ப இது நாலு பேர் தலை இல்லையா? தொப்பி எங்கேயும் போகாது. எங்க சலவைக்கூடத்துக்கு எதிர்லதான் இருக்கும். நாம இறங்குவோம்."

நர்ஸ் முன்னே வந்து டிரைவரின் கண்ணைப் பார்த்தாள், இரண்டு கேள்வி கேட்டாள், "இறங்கணும். உடனே" என்றாள். உயரத்தில் வரும் அந்த நோவுக்கு இறங்குவதுதான் மருந்து.

ஏறும்போது தெம்புள்ளவள் முன்னால் போவாள். இறங்கும்போது அவள்தான் கடைசியாக வர வேண்டும். கீழே யார் சறுக்கினாலும் மேலிருந்து பிடித்து நிறுத்துவது அவள் பொறுப்பு. அந்த இடத்தில் டிரைவரைத் தவிர இதுவரை யாரும் நின்றதில்லை. நர்ஸ் வழி பார்க்க முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் டிரைவர், அடுத்து பேக்கரிக்காரி.

"கடைசியில நீங்க நில்லுங்கக்கா," என்றாள் டிரைவர்.

அக்காவுக்கு 'பரவாயில்லை, வேற யாராவது' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "சரி. எனக்கு பயமா இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

"செல்லும்," என்றாள் டிரைவர், வெளிறிய உதட்டில் ஒரு சிரிப்போடு.

செங்குத்தான சரிவில், போன வருஷம் அக்கா விழுந்த அதே இடத்தை ஒட்டி, டிரைவரின் கால் மடங்கியது. சத்தமில்லாமல் சரிந்தாள். பேக்கரிக்காரி "அக்கா!" என்று அலறினாள். அந்த அலறல் காதில் விழுமுன்பே அக்கா குப்புற விழுந்து, கோடரியின் மேல் தன் முழுக் கனத்தையும் போட்டு அழுத்தியிருந்தாள். கயிறு இடுப்பைக் கவ்வி இழுத்தது. பனி முகத்தில் அப்பிக்கொண்டது. இழுவை நின்றது. கொக்கி நல்ல கொக்கிதான் என்று ஏனோ அப்போது வீட்டுக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. புதுப் பூட்ஸுக்குள் பத்து விரலும் சூடாக, உயிரோடு, பனியைக் கவ்விக்கொண்டிருந்தன.

"பிடிச்சிட்டேன்," என்றாள் பனிக்குள்ளிருந்து. "நிதானமா எழுந்திரிங்க. இடுப்பு வலிக்குது. ஆனா பிடிச்சிருக்கேன்."

குடிசைக்கு வந்து சேர்ந்ததும் டிரைவர் கொஞ்சம் தெளிந்தாள். பெஞ்சில் அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்தபடி, "தண்ணி சூடா இல்ல, பெஞ்சு குத்துது, நர்ஸ் பூட்ஸ் நாறுது" என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லி முடித்தாள்.

வெள்ளைத் தொப்பியின் உச்சியை அவர்கள் அதற்கு அடுத்த வருஷம் தொட்டார்கள். அங்கே எடுத்த படத்தில் நாலு பேரும் வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது கேட்டால் அக்கா அதைக் காட்டுவாள். கேட்காமலே அவள் சொல்வது, உச்சிக்குப் போகாமல் இறங்கிய நாளைப் பற்றித்தான்.

அப்படி இறங்கிவந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் குடைக்காரர் அவளுக்காகவே காத்திருந்தார்.

"என்னம்மா, உச்சி தொட்டாச்சா?"

"இல்லீங்க. பாதியில இறங்கிட்டோம். நான்தான் கடைசியா இறங்கினேன்."

"கடைசியா?" அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "பரவாயில்லம்மா, அடுத்த தடவை..."

வண்டி சட்டென்று நின்றது. டிரைவர் இருக்கையிலிருந்தே முழுசாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "கடைசின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் படிக்கட்டே ஏறாதவன். முதல்ல வண்டியை எடுங்க."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்களே, எப்படி எடுக்கிறது? மூணு குறை சொல்லுங்க. எடுக்கிறேன்."

குடைக்காரர் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா நகர்ந்து, பலகைக்கு நேர் கீழே, ஆணி இல்லாத அந்த இருக்கையில் அவருக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க," என்றாள். "முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். நான் சொல்லித் தர்றேன்."